காஸ்பாட்ரிக் எரிந்தது யார் குற்றம்?

தாழங்கரை:
1874 நவம்பர் 17 நள்ளிரவு கடந்த நேரம். நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே, நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற காஸ்பாட்ரிக் என்ற பாய்மரக் கப்பல் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 470-க்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர்கள் மூவர். நான் கப்பல் தலைவர் எல்ம்ஸ்லியைத்தான் குற்றம் சொல்வேன். தீ தொடங்கியது அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில். காற்று பின்னாலிருந்து வீசும்படி கப்பலைத் திருப்பியிருந்தால் தழல் முன்பக்கமாகவே போயிருக்கும். அணியம் காற்றுக்கு எதிரே திரும்பியது, தீ பின்பகுதியான அமரத்தை நோக்கி ஓடியது.

பாய்மரப்பித்தன்:
ஏறத்தாழ 1,200 டன் கப்பல், நினைத்த பக்கம் ஒடித்துத் திருப்ப மாட்டுவண்டியா? ஓட்டம் இல்லாத கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படாது. அதுவும் புகையில் மூச்சுத் திணறும் ஆட்களை வைத்துக்கொண்டு! கப்பலையும் குறை சொல்ல முடியாது. 1856-இல் பர்மாவின் மோல்மேனில் தேக்கில் கட்டியது. இந்தியாவுக்குப் பயணிகளையும் படைவீரர்களையும் கொண்டுபோனது, பாரசீக வளைகுடாவில் தந்திக் கம்பி இறக்கும் வேலைக்கும் போனது. பதினெட்டு ஆண்டு உழைத்த மரம் ஐயா அது.

தாழங்கரை:
தேக்கின் பெருமையை விடுங்கள். தேக்கும் எரியும்.

உப்புக்காற்று:
இருவரும் தீ எப்படிப் பற்றியது என்பதைத் தொடவே இல்லை. கயிறு, கீல் (தார்), பெயின்ட் எல்லாம் அடைத்திருந்த அறைப் பக்கம் அது. கீழே சரக்கில் மதுவும் இருந்தது. யாரோ திறந்த விளக்கோடு சரக்கைத் திருட இறங்கியிருக்கலாம் என்றுதான் லண்டன் விசாரணையும் கருதியது. திருடனை விட்டுவிட்டுத் தலைவரைத் தூக்கிலிடுகிறீர்களே! எல்ம்ஸ்லி தப்பி ஓடவில்லை. மனைவியோடு கடலில் குதித்து இறந்தார்.

பாய்மரப்பித்தன்:
திருட்டு ஊகம்தான், கண்டவர் யாரும் மிஞ்சவில்லை. படகுகள் ஊகமல்ல. கப்பலில் இருந்தவர்களில் பாதிப்பேருக்குக்கூடப் படகில் இடமில்லை. ஆனாலும் சட்டப்படி அது சரி! எத்தனை பேர் என்று எண்ணாமல் கப்பலின் டன்னை வைத்துப் படகு கணக்கிட்ட சட்டம் அது. 38 ஆண்டு கழித்து டைட்டானிக் மூழ்கியபோதும் அதே கணக்குதான்.

தாழங்கரை:
இருந்த படகுகளை ஒழுங்காக இறக்கினார்களா? ஒன்று ஆட்கள் நெரிந்து ஏறியதில் கவிழ்ந்தது. பெரிய படகு தீயில் போனது. கடைசியில் விலகியவை இரண்டே, அவற்றில் எண்பது பேர் சொச்சம். படகு இறக்கும் பயிற்சி கொடுக்க வேண்டியவர் யார்? தலைவர்தானே?

உப்புக்காற்று:
இதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படகுகளில் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒன்று புயலில் தொலைந்தது. மற்றொன்றில் இரண்டாம் அதிகாரி ஹென்றி மெக்டொனால்டு. ஒரு பெண்ணின் பாவாடையைப் பாயாகக் கட்டினார்கள். தாகத்தில் இறந்தவர்களின் இரத்தத்தைக் குடித்தார்கள். நவம்பர் 27-இல் பிரிட்டிஷ் செப்டர் என்ற கப்பல் கண்டெடுத்தபோது ஐவரிடம் உயிர் இருந்தது. அவர்களிலும் இருவர் பிறகு இறந்தார்கள்.

பாய்மரப்பித்தன்:
அப்படியானால் தாழங்கரையே சொல்லட்டும். எல்ம்ஸ்லி கப்பலைச் சரியாகத் திருப்பியிருந்தால், பாதிப்பேருக்கே இடமுள்ள அந்தப் படகுகளில் மீதிப்பேரை எங்கே உட்கார வைத்திருப்பார்?

தாழங்கரை:
கப்பலிலேயே. அமரத்தில் நின்று நீர் இறைத்திருப்பார்கள். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.