சூப்பர்சார்ஜரைத் தமிழில் என்னவென்று சொல்வது? (கலைச்சொல் இழை)

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். கதையைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

என்னிடம் 1995-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. நான் இருக்கும் சின்சினாட்டியில் மியாட்டா என்றால்தான் தெரியும். இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, பின்சக்கர இழுவை, எடை ஆயிரம் கிலோவை ஒட்டி. 1.8 லிட்டர் எஞ்சின், 128 குதிரைத்திறன். வளைவில் விட்டால் கை சொன்னபடி திரும்பும். நேர்ச்சாலையில் மட்டும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன்கூட முந்திவிட்டுப் போகும். அதைப் பொறுக்க முடியாமல் போன மாதம் இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டினேன். ஈட்டன் எம்45, பழையது.

மாட்டிய கதையைத் தமிழில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கப்பி இருக்கிறது, வார் இருக்கிறது, முறுக்குவிசை இருக்கிறது. மாட்டிய பொருளுக்குத்தான் பெயர் இல்லை. பட்டறைப் பேச்சில் சூப்பர்சார்ஜர் என்றே சொல்லிவிடலாம், யாருக்கும் குறையில்லை. ஆனால் கட்டுரையில் டர்போவும் வருகிறது. இரண்டுக்கும் உள்ள உறவைப் பெயரே கொஞ்சம் சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

தெரியாதவர்களுக்கு: எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றைவிடக் கூடுதல் காற்றை அதற்குள் தள்ளுவது இந்தக் கருவியின் வேலை. கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். எஞ்சினின் கப்பியிலிருந்தே ஒரு வாரைப் போட்டு இதைச் சுழற்றுகிறோம். டர்போவுக்கும் இதே வேலைதான். அதைச் சுழற்றுவது வெளியேறும் புகை.

மியாட்டாக்காரன்

———

தம்பிக்கு,

இதில் இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. சூப்பர் என்பதற்கு மிகை, சார்ஜ் என்பதற்கு ஊட்டுதல். மிகையூட்டி. கைபேசிக்கு மின்னேற்றி என்று எழுதிப் பழகிவிட்டோம் என்பதால் மீயேற்றி என்றும் வைக்கலாம், நாவுக்கு எளிது. ஜெர்மானியரைப் பின்பற்றுவதானால் அவர்கள் கொம்ப்ரெஸ்ஸோர் என்கிறார்கள். காற்றழுத்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

எதை எடுத்தாலும் அதிலிருந்து பெயரடையும் வினையும் பிறக்க வேண்டும். பிறக்காத சொல் மலடு.

ஓய்வுபெற்ற வாத்தியார்

———

ஐயா, மூன்றையும் இரண்டு நாள் கட்டுரையில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் வெவ்வேறு இடத்தில் உதைக்கின்றன.

> மீயேற்றி என்றும் வைக்கலாம்

டெஸ்லாக்காரர்கள் 2012 முதல் தங்கள் மின்னேற்ற நிலையத்துக்கே சூப்பர்சார்ஜர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மீயேற்றி என்றால் படிப்பவர் நேராக அங்கே போய் நிற்பார். அதுகூடப் பரவாயில்லை. எஞ்சின் பேச்சில் சார்ஜ் என்பது மின்சாரமே இல்லை. சிலிண்டருக்குள் ஒருமுறை நிரம்பும் காற்றும் எரிபொருளும். பழைய துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பார்களே, அந்தக் கணக்கு. அதற்காகக் கெட்டிப்பி என்று வைத்தால் கோயில் திருவிழா வேட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

> மிகையூட்டி

இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நம் வாயில் மிகை என்றால் வேண்டாத அளவு. 'மிகையாகப் பேசாதே' என்கிறோம். இந்தக் கருவி வானூர்திகளில் பெயர் வாங்கியதோ குறையை நிரப்பத்தான். மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் சோரும். 1918-இல் சான்ஃபோர்டு மாஸ் என்ற பொறியாளர் லிபர்ட்டி என்ற வானூர்தி எஞ்சின் ஒன்றை கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், தூக்கிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினார். அங்கே இழந்த வலுவை அவருடைய டர்போ மீட்டுக்கொடுத்தது. இழந்ததை மீட்பது எப்படி மிகையாகும்? இன்னொன்று, அந்தக் காலத்தில் அதற்கு டர்போசூப்பர்சார்ஜர் என்றுதான் பெயர். பொதுப்பெயர் சூப்பர்சார்ஜர், அதில் ஒரு வகை டர்போ. நடுவில் இருந்த சூப்பர் பிறகுதான் உதிர்ந்தது.

> காற்றழுத்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம்

பஞ்சர் கடையில் தொட்டியோடு நிற்பதுதான் காற்றழுத்தி. அது கிடக்கட்டும். என் காரில் இருப்பது உள்ளே காற்றை அழுத்துவதே இல்லை ஐயா. பெட்டிக்குள் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மடல் (இதழ் போன்ற புடைப்பு, நாம் எழுதும் மடல் இல்லை), ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் சுழல்கின்றன. ஒரு பக்கம் அள்ளிய காற்றை மறுபக்கம் கொட்டுகின்றன, அவ்வளவுதான்.

எம்45 என்பதில் 45 என்பது கன அங்குலம்: சுற்று ஒன்றுக்கு அள்ளும் காற்று. முக்கால் லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. என் எஞ்சின் நான்கு வீச்சு வகை, 1.8 லிட்டரும் நிரம்ப இரண்டு சுற்று ஆகும், சுற்றுக்கு 0.9 லிட்டர் என்று வையுங்கள். நான் போட்ட கப்பிக்கு, எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இது ஒன்றே முக்கால் சுற்று சுற்றும். அப்போது வந்து விழுவது 1.3 லிட்டர். 0.9 கொள்ளுமிடத்தில் 1.3! கசிவு, சூடு எல்லாம் கொஞ்சம் தின்றுவிடும். மீதி நெருக்கடிதான் அழுத்தமானியில் 0.4 பாராக முள்ளைத் தூக்குகிறது. அழுத்தம் பிறப்பது கருவிக்கு வெளியே. கருவி செய்வது ஊதுவதுதான். ஜெர்மானியரும் இந்த வகையைத் தனியாகச் சொல்லும்போது கெப்ளேசே என்பார்கள், ஊதுவது என்றுதான் பொருள். ஆங்கிலப் பட்டறையிலும் புளோவர்தான்.

இங்கேதான் எனக்கு ஒன்று தட்டியது. இந்த இரட்டை உருளை அமைப்புக்கு ரூட்ஸ் வகை என்று பெயர். ரூட்ஸ் சகோதரர்கள் இண்டியானாவில் கானர்ஸ்வில் என்ற ஊர்க்காரர்கள், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் வந்துவிடும். 1860-இல் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது கார் ஏது? அவர்கள் கருவி காற்று ஊதியது இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும். ஜெர்மன் பொறியாளர் காட்லீப் டைம்லர் எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்தது 1885-இல். ஆக என் மியாட்டாவில் உட்கார்ந்திருப்பது உலைக்களத்திலிருந்து வந்த சாமான்.

உலைக்கு ஊதுவதற்கு நம்மிடம் பெயர் இல்லையா? துருத்தி.

துருத்தி என்றே சொன்னால் என்ன?

மியாட்டாக்காரன்

———

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் வணக்கமுங்க. நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. இதற்கு மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா அன்னூர்ப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். முதலில் இருந்தது ஆட்டுத்தோல் துருத்தி. ஆத்தாதான் கயிற்றை இழுத்து ஊதும். கோடையில் தோல் வெடிக்கக் கூடாதென்று விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், அந்த வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்புறம் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் சுற்றுகிற இரும்புக் காற்றாடி வந்தது. அதற்கும் பிறகு மோட்டார் வைத்தது. மூன்றுக்கும் தாத்தா வாயில் ஒரே பெயர்தான்: "துருத்தியப் போடு புள்ள." மோட்டார் சுவிட்சைத் தட்டச் சொல்வதற்கும் அதே சொல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணா சொன்ன அள்ளிக் கொட்டும் கணக்கு ரூட்ஸ் வகைக்குச் சரி. மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜரும் இருக்கிறதே, விசிறி மாதிரி வீசித் தள்ளுவது? டர்போவிலும் உள்ளே இருப்பது அதுதானே? அதைத் துருத்தி எனலாமா என்று யாராவது கேட்பார்கள். தாத்தா பட்டறையில் அந்தச் சொல் தோலிலிருந்து விசிறிக்குத் தானாகவே மாறிப்போனது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். ஐயா வினை பிறக்க வேண்டும் என்றாரே, துருத்திய எஞ்சின் என்று எழுதிப் பாருங்கள். பானட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. எங்கள் வீட்டில் 'உதட்டைத் துருத்தாதே' என்றால் அடி விழப் போகிறது என்று அர்த்தம்.

டர்போவுக்குப் புகைத்துருத்தி என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது தேனீக்காரர்கள் கூட்டுக்குப் புகை போடும் சாமான் மாதிரி இருக்கிறது.

பட்டறைப் பேத்தி

———

தங்கச்சி, தோலிலிருந்து விசிறி விஷயத்தில் என் வயிற்றில் பால் வார்த்தாய். அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

வெளியே நீட்டுவது பற்றி: 1929-இல் வந்த பென்ட்லியின் நாலரை லிட்டர் புளோவர் காரின் படத்தைத் தேடிப் பார். சூப்பர்சார்ஜரை ரேடியேட்டருக்கும் முன்னால், இரண்டு சட்டக் கொம்புகளுக்கு நடுவே மாட்டியிருப்பார்கள். துருத்தி துருத்திக்கொண்டேதான் நிற்கும். கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே அந்த ஏற்பாடு பிடிக்காது. எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டுவதுதான் அவர் வழி. அந்த ஒரு காருக்குத் துருத்திய எஞ்சின் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். துருத்தி வைத்த எஞ்சின் என்று எழுதிவிடலாம். சைடுகார் வைத்த வண்டி, கேரியர் வைத்த சைக்கிள் என்றெல்லாம் பேசுகிற ஊர்தானே நம்முடையது. ஐயா இதை மலடு என்று சொல்லிவிடக் கூடாது.

துருத்தி இல்லாமல் தானாக உறிஞ்சும் எஞ்சினுக்கு இயல்மூச்சு எஞ்சின். இது தானாக வந்து விழுந்த சொல். துருத்தி என்று வைத்த பிறகு மூச்சு வராமல் இருக்குமா?

வாரில் ஓடுவதற்கு வார்த்துருத்தி என்று வைக்கப் பார்த்தேன். சேர்த்துப் படித்தால் தோசை வார்த்து உருத்தியது போல ஆகிவிட்டது. விட்டுவிட்டேன். எஞ்சினே சுற்றுவது வெறும் துருத்தி. டர்போவுக்கு மட்டும் அடைமொழி. டர்பைனுக்கு விசையாழி இருப்பதால் ஆழித்துருத்தி. டர்போசூப்பர்சார்ஜர் என்ற பழைய பெயரின் அடுக்கும் அதில் அப்படியே இருக்கிறது.

ஆப்டர்மார்க்கெட் என்பதற்குப் பின்சந்தை என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். எனக்கு மாட்டுச்சந்தைதான் ஞாபகம் வருகிறது. ஊரில் 'கம்பெனி ஃபிட்டிங்கா, வெளியில போட்டதா?' என்றுதானே கேட்பார்கள்? வெளிப்பொருத்து என்று வைத்துக்கொண்டேன்.

சொற்களை ஓட்டிப் பார்க்க, கட்டுரையிலிருந்து ஒரு பத்தி:

"வெளிப்பொருத்துத் துருத்தியின் பெட்டியைத் திறந்து சாமான்களைத் தரையில் பரப்பினேன். ஒரு இடைவளையம் குறைந்தது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அது இல்லாமலே மாட்டி ஓட்டியதில் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் வார் நாய்க்குட்டி போல வீறிட்டது, முள் 0.4-க்குப் போகாமல் 0.2-இல் நின்றது. பானட்டைத் திறந்தால் சுற்றிலும் கறுப்பு ரப்பர்த் தூள். கப்பிகள் மேல் நேர்கோலை வைத்துப் பார்த்தேன். துருத்தி கப்பி மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. அந்தத் தடிமனுக்கு ஒரு வளையம் கடைந்து வாங்கிப் போட்டதும் வீறிடல் நின்றது. அப்புறம்தான் துருத்தியின் சொந்தக் குரலே கேட்டது, தொலைவில் மாவு மில் ஓடுவது போல ஒரு ங்ஙொய். இயல்மூச்சு எஞ்சினுக்குப் போட்ட பிளக்கை எடுத்துவிட்டு ஒரு படி குளிர்ந்த வகை பிளக் போட்டேன். பற்றவைப்பை நான்கு பாகை பின்னால் தள்ளினேன், ஆக்டேன் கூடிய பெட்ரோலுக்கு மாறினேன். காற்று நெருங்கினால் சூடாகும், சூடானால் பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானே வெடித்து பிஸ்டனைக் கொட்டும். அந்தச் சூட்டைத் தணிக்கும் இடைக்குளிர்த்தி (இன்டர்கூலர்) இந்தத் தொகுப்பில் இல்லை. ஆழித்துருத்தி வைத்த நண்பன் காரில் இருக்கிறது. ஆனால் அவன் மிதித்துவிட்டு ஒரு கணம் காத்திருக்க வேண்டும். எனக்குக் கால் வைத்த இடத்திலேயே இழுவை கிடைக்கிறது."

எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

மியாட்டாக்காரன்

———

தம்பிக்கு,

துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை என்றும் பொருள் உண்டு. திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயர் அதில் வந்ததுதான். அதைச் சொல்லி உம்மை மடக்கலாம் என்று பார்த்தேன். பட்டறைக்கார அம்மணி வந்து கெடுத்துவிட்டாள். தாத்தா மூன்று தடவை வைத்துக் காட்டிய பெயரை நான் என்ன மறுப்பது? மிகையூட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆழித்துருத்தியைக் கடல்நீர் இறைப்பது என்று எவனாவது படிப்பான். அது அவன் பாடு.

'துருத்தி கப்பி' என்று எழுதியிருக்கிறீர். துருத்தியினது கப்பி, ஆறாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகும். துருத்திக் கப்பி. திருத்தி அனுப்பவும். இடைக்குளிர்த்தியும் எனக்குச் சரியாகப் படவில்லை, அதற்கு வேறு இழை தொடங்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்