முதல் சிமுலேட்டர் வகுப்பு: வீட்டுக் கணினியில் பழகிவிட்டுப் போகலாமா?

புதுச்சிறகு:
வணக்கம். சின்ன விமானத்தில் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் ஜெட்டின் சிமுலேட்டரில் முதல் வகுப்பு. ஜெட் எதையும் இதுவரை தொட்டதில்லை. வீட்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் இருக்கின்றன. "தினம் ரெண்டு மணி நேரம் அதில் ஓட்டிவிட்டுப் போ" என்கிறான் கூடப் படித்தவன். பயிற்சிப் பள்ளியில் சீனியர் ஒருவர், "அதைத் தொடவே தொடாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மேசைவிமானி:
தாராளமாக ஓட்டுங்கள். நானும் அப்படித்தான் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் எது எங்கே இருக்கிறது என்று தலைக்கு மேலே பார்த்துத் திகைக்கவில்லை. எம்சிடியூவில் (விமானக் கணினிக்குத் தகவல் கொடுக்கும் விசைப்பலகையும் திரையும்) ரூட், எடை, வேகம் எல்லாம் கை தானாகப் போட்டது. என்னோடு வந்தவர் அதில் தொடக்கத் தகவல் போடும் இனிட் பக்கத்திலேயே பத்து நிமிடம் சிக்கிக்கொண்டார். சிமுலேட்டர் நேரத்தைப் பொத்தான் தேடியே கரைப்பானேன்?

பின்னிருக்கை:
பத்து வருடமாக சிமுலேட்டரில் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். பொத்தான் தெரியாமல் முதல் வகுப்பைக் கெடுத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. அதைப் பக்கத்தில் இருப்பவர் காட்டிக்கொடுத்துவிடுவார். கெட்டுப்போய் வருவது கண்தான்.

வீட்டில் ஓட்டி வருபவர்களுக்கு, மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டரின் பச்சைக் கோடுகளைத் துரத்த மட்டும் தெரியும். அதை அணைத்துவிட்டு, "5,000 அடி உயரம், 250 நாட் வேகம், நேராகப் போங்கள்" என்பேன். இரண்டு நிமிடத்தில் 400 அடி மேலே இருப்பார்கள். பயந்து மூக்கை அமுக்குவார்கள், வேகம் ஏறும், இன்ஜினைக் குறைப்பார்கள், அப்புறம் வேகம் விழும். மூக்கை மேல்நோக்கி 3 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, இன்ஜின் சுழலும் வேகமான என்1-ஐ 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் விட்டால் விமானம் அதுபாட்டுக்குப் போகும். எடைக்கேற்பக் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இப்படி ஏழெட்டு எண்கள் உங்கள் கையேட்டிலேயே இருக்கும். முதலில் அதை மனப்பாடம் செய்யுங்கள், தம்பி.

மேசைவிமானி:
சார், ஃப்ளைட் டைரக்டரை வீட்டிலும் அணைக்கலாமே? அதே எண்களை வைத்துப் பறந்தும் பார்க்கலாம். நீங்கள் கடைசியாக வீட்டு சிமுலேட்டரைப் பார்த்தது எந்த வருடம்?

பின்னிருக்கை:
போன மாதம், என் பையன் அறையில். அணைக்கலாம், சரி. யார் அணைக்கிறார்கள்?

இன்னொன்று, கை. ஏர்பஸ்ஸில் குச்சியை விட்டுவிட்டால் விமானம் போகிற பாதையிலேயே போகும். கொஞ்சம் அசைத்து, விட்டு, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மேசை ஜாய்ஸ்டிக்கில் பழகியவர்கள் இறங்கும்போது அதைக் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கிண்டுவதைத் திருத்த அவர்களே மறுபடி கிண்டுகிறார்கள்! அதை மறக்கடிக்கவே எனக்கு ஒரு வகுப்பு போகிறது.

நடுவானம்:
நான் இதெல்லாம் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பற்றிப் பேசவே இல்லை.

முதல் வகுப்பில் எனக்கு இடது இருக்கை. இடது கையில் குச்சி, வலது கை இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில். வீட்டில் ஆறு மாதம் வலது கையால் ஓட்டியிருந்தேன், அது முதல் அடி. ஓடுபாதையில் வேகம் எடுக்கிறது. பக்கத்தில் இருந்தவர் "வி1" என்றார். அதற்கு மேல் நிறுத்தும் பேச்சே கிடையாது என்பதால் கையை லீவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். கை எடுபடவில்லை. பின்னாலிருந்து ஒரு விரல் வந்து என் மணிக்கட்டைத் தட்டியது. அந்தக் குழப்பத்தில், மூக்கைத் தூக்கச் சொல்லும் "ரொட்டேட்" காதில் விழவில்லை. மேலே ஏறிய பிறகு பக்கத்தில் இருப்பவர் "பாசிட்டிவ் க்ளைம்ப்" சொல்ல, சக்கரத்தை மடக்கச் சொல்லி நான் "கியர் அப்" சொல்ல வேண்டும். நான் பேசாமல் கையை நீட்டி கியர் லீவரை நானே தூக்கப் போனேன். வீட்டில் எல்லாவற்றையும் ஒருவனாகவே செய்த பழக்கம்.

அன்று இரவே காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். எதிரே நாற்காலியைப் போட்டு, சத்தமாகச் சொல்லி, கையை நீட்டித் தொட்டுப் பழகினேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

மேசைவிமானி:
காகிதம் பதில் சொல்லாது நண்பரே. இறக்கையின் பின்பக்க மடலான ஃப்ளாப்பை எப்போது இறக்குவது, இறக்கினால் வேகம் எப்படி விழுகிறது என்று காகிதத்தில் எப்படித் தெரியும்? சின்ன விமானத்தில் 65 நாட்டில் இறங்கியவருக்கு 140 நாட் எவ்வளவு அவசரம் என்று கணினியாவது காட்டும்.

பின்னிருக்கை:
இதை ஒப்புக்கொள்கிறேன். எம்சிடியூ பழக வீட்டுக் கணினி நல்லது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அவசரத்துக்கு மருந்து மனக்கணக்கு. உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கு: 10,000 அடியிலிருந்து இறங்க 30 நாட்டிகல் மைல். வேகம் குறைக்க ஒரு பத்து மைல் கூட வை. தரை வேகத்தை ஐந்தால் பெருக்கு: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி இறக்கம், 3 டிகிரிப் பாதை கிடைத்துவிடும். நடக்கும்போதெல்லாம் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஜெட் இன்ஜின் உடனே எழாது என்பதும் மனதில் இருக்கட்டும். லீவரைத் தள்ளிய பிறகு சில விநாடி காத்திருக்க வேண்டும். மிகக் குறைந்த சக்தியில், அதாவது ஐடிலில், வைத்துக்கொண்டு கடைசியில் தள்ளினால் கதை முடிந்தது.

புதுச்சிறகு:
ரொம்ப நன்றி. உள்ளே போனதும் முதலில் என்ன செய்வது? தலை சுற்றும் என்கிறார்களே, நிஜமா?

பின்னிருக்கை:
முதலில் இருக்கை. முன்கண்ணாடியின் நடுத்தூணில் குட்டிப் பந்துகள் மூன்று இருக்கும். உங்கள் பக்கத்துச் சிவப்புப் பந்து வெள்ளைப் பந்தை மறைக்கும்வரை இருக்கையை ஏற்றி இறக்குங்கள். தாழ உட்கார்ந்தால் ஓடுபாதையின் கிட்டப் பகுதி மூக்கின் கீழே மறைந்துவிடும், தரை எங்கே வருகிறது என்று தெரியாது. பாதிப் பேர் இதைச் செய்யாமலே பெல்ட்டைப் போடுகிறார்கள்.

நடுவானம்:
சிலருக்குச் சுற்றும். ஆறு கால்களில் நிற்கும் பெட்டி அது. வேகம் எடுப்பது போல் காட்டப் பின்னால் சாய்கிறது, அவ்வளவுதான். கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டும். எனக்கு விமானம் தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸி திருப்பங்களில் வந்தது. பயிற்சியாளர் காட்சியை நிறுத்தி வேறு இடத்துக்கு மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முந்தின இரவு ஒழுங்காகத் தூங்குங்கள். கணினி முன்னால் இரவு ஒரு மணி வரை உட்காராதீர்கள், மேசைவிமானி மன்னிக்க.

மேசைவிமானி:
மன்னிக்கிறேன். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் மாற்றி வைத்து ஓட்டுங்கள் தம்பி. நான் சொன்னது தப்பில்லை என்று அன்றைக்கு நீங்களே சொல்வீர்கள்.

புதுச்சிறகு:
நேற்று படத்தை அச்சடித்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். கூடப் படித்தவனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவன் "பாசிட்டிவ் க்ளைம்ப்" சொல்ல மறந்துவிட்டான். வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். சக்கரத்தைத் தொங்கப்போட்டபடியே 4,000 அடி ஏறினோம்.