ஈட்டன்ஸ் கடை வீழ்ந்தது நான்காம் தலைமுறையாலா?

யாழ்வாணன்:
டொராண்டோவில் வாழும் நம்மவர்களில் ஈட்டன் சென்டர் வணிக வளாகத்துக்குப் போகாதவர்கள் அரிது. அந்தப் பெயருக்கு உரிய கடையே 1999-இல் திவாலானதை இளையவர்கள் அறிய வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த திமோத்தி ஈட்டன், 1869-இல் யங் தெருவில் துணிக்கடை திறந்து, கடனும் பேரமும் இல்லாமல் ரொக்கத்துக்கு ஒரே விலை, பிடிக்காவிட்டால் பணம் திரும்ப என்று விற்று, நாடு முழுவதையும் வாடிக்கையாக்கினார். அவர் சேர்த்ததைக் கொள்ளுப்பேரன்கள் நால்வரும் கரைத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து. அவர்களில் ஒருவரான, கார்ப் பந்தய வீரராக இருந்த ஜார்ஜ் ஈட்டன் 1988-இல் தலைமைக்கு வந்தார். பின்னர், மக்கள் காத்திருந்து வாங்கிய தள்ளுபடி விற்பனையை நிறுத்திவிட்டு அன்றாடம் ஒரே விலை என்றார்கள், கூட்டம் குறைந்தது.

கணக்கேடு:
நண்பர் யாழ்வாணன் கடைசியில் நின்றவர்மீது முழுப் பழியையும் சுமத்துகிறார். 1884-இல் தொடங்கிய தபால் விற்பனைப் பட்டியல்தான், கடைத்தெருவையே காணாத புல்வெளி மாகாண உழவர் குடும்பங்களுக்குக் கோட்டும் கலப்பையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நிறுத்தியது 1976-இல். ஜார்ஜ் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. 1953 முதல் போட்டி நிறுவனமான சிம்ப்சன்ஸ்-சியர்ஸ் புறநகர்களில் கார் நிறுத்த இடத்தோடு கடைகளைத் திறந்தபோது, மூன்றாம் தலைமுறையான ஜான் டேவிட் ஈட்டன் தலைமையில் இருந்தார். 1994-இல் அமெரிக்காவின் வால்மார்ட் 122 வூல்கோ தள்ளுபடிக் கடைகளை வாங்கிக் கனடாவுக்குள் நுழைந்தது. யார் தலைவராக இருந்தாலும் அந்த அலை அடித்திருக்கும்.

யாழ்வாணன்:
பட்டியலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அலையைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. அதே வால்மார்ட்டை எதிர்கொண்ட இன்னொரு பெருங்கடையான ஹட்சன்ஸ் பே அப்போது வீழவில்லை. ஈட்டன்ஸின் பங்குகள் முழுவதும் குடும்பத்தின் கையில் இருந்தன, கணக்குகள் வெளியே வரவில்லை. 1997-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்ட பிறகே, 1998-இல் வெளியாருக்குப் பங்கு விற்றார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத வீட்டில் தவறு வெளியே தெரிய வெகுகாலம் ஆகும்.

தையல்காரி மகள்:
கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள், ஐயா, அவர்கள் தொழிலாளர்கள். முதல் உலகப் போருக்குப் போன மணமான ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்த அதே குடும்பம், 1912-இல் தங்கள் ஆலையில் மேலாடை தைத்தவர்களின் வேலைநிறுத்தத்தை முறியடித்தது. 1948 முதல் 1952 வரை நடந்த தொழிற்சங்கம் அமைக்கும் முயற்சியும் தோற்றது. கொடுப்பவர் நாங்கள், கேட்பது உங்கள் வேலை அன்று என்ற வழக்கம் நான்காம் தலைமுறைக்குப் பரம்பரைச் சொத்தாகவே வந்தது.

யாழ்வாணன்:
அம்மா, இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியானால் இடைத் தலைமுறைகளையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் தள்ளுபடியை நிறுத்திய கை ஜார்ஜ் காலத்துடையதுதான். அதில் நான் மாறவில்லை.