மறுமொழி: ஹோலுக்குள் ஆள் நடக்க விடும் இடம் – தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த முன்மொழிவைப் பார்த்தபிறகு வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை.

> வீட்டுக்குள் ஆட்கள் போய்வரும் இடத்தைச் 'சுற்றோட்ட வெளி' எனலாம். பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல்தான்.

பாடநூலில் இருப்பது குருதிச் சுற்றோட்டம். ஆங்கிலக்காரர் இரத்தம் ஓடுவதற்கும் கட்டடத்துக்குள் ஆள் நடப்பதற்கும் circulation என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டுப் பிளான் கீறுகிறவன். வீடு கட்ட வந்தவரிடம் "உங்கள் முன் ஹோலில் சுற்றோட்டம் போதாது" என்று சொன்னால் அவர் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்.

மதுரை நண்பர் 'விடுப்பு' என்றார். இடம் விடுவதால் விடுப்பு, இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் ஐயா, உங்கள் பக்கம் விடுப்பு என்றால் லீவு, எங்கள் பக்கம் அடுத்த வீட்டுக் கதை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்றடிக்கு விடுப்பு எங்கள் வீட்டில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

சரி, சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே சொல்லைத் தேடுவதால்தான் இந்த இழை முடியாமல் நீளுகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். கல்லடியில் இருக்கும் அந்த வீடு மனைவிக்கு வந்த சீதனம். இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு போய்ச் சேருவார். பழைய வீட்டை 2004 கடல் கொண்டுபோனது. பிறகு கட்டிக் கொடுத்தது சுமார் 500 சதுர அடி. மாமி ஓடாவியை (தச்சரை) கூப்பிட்டு, போன மேசை எந்த அளவோ அதே அளவில் ஒன்று செய்வித்தார். ஆறடிக்கு மூன்றடி, ஆறு கதிரை. மேசை பழைய வீட்டு அளவு, ஹோல் புதிய வீட்டு அளவு.

மேசை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இரண்டு அங்குலம் இருக்கிறது. ஒருவரும் சாப்பிடாத நேரம் அதால் தாராளமாகக் குசினிக்குப் போகலாம். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் வழி இல்லை. அவர் எழும்பவேண்டுமென்றால் கதிரை முதுகு சுவரில் முட்டும். உட்கார்ந்தவர் கதிரையைப் பின்னால் இழுத்து எழும்ப விளிம்பிலிருந்து சுமார் 3 அடி வேண்டும். அவர் இருக்கும்போதே பின்னால் இன்னொருவர் சோற்றுச் சட்டியோடு போக, கிட்டத்தட்ட 44 அங்குலம் வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த நானே பல பிளான்களில் கதிரைகளை மேசைக்கடியில் தள்ளிவைத்தபடி கீறியிருக்கிறேன். தாளில் வழி தெரியும், சாப்பாட்டு நேரத்தில் தெரியாது.

ஆகவே ஒன்று, ஆள் நடக்கும் வழி. யார் இருந்தாலும் எழும்பினாலும் அது அப்படியே கிடக்கவேண்டும்: முக்கிய வழி 3 அடி, மூலையில் ஒருவர் நுழைகிற வழியென்றால் 2 அடி. சக்கர நாற்காலி பாவிப்பவர் வீட்டில் இருந்தால் 3 அடிக்குக் குறையவே கூடாது, திரும்புகிற இடத்தில் 5 அடி. மற்றது, ஒரு தளபாடம் தன் வேலையைச் செய்யக் கேட்கும் இடம்: கதிரை இழுக்க, லாச்சி (இழுப்பறை) இழுக்க. இது சில நிமிடத்துக்கு மட்டும் தேவைப்படும் இடம், ஆனால் அந்த நிமிடங்களில் இல்லாவிட்டால் சண்டைதான். செற்றிக்கும் (சோபா) அதன் முன்னால் வைக்கிற ரீப்போவுக்கும் (சின்ன மேசை) இடையில் விடுகிற 14 முதல் 18 அங்குலம் இரண்டிலும் சேராது. அது கால் நீட்ட. அதற்கெல்லாம் கலைச்சொல் வேண்டாம்.

முதலாவதுக்கு அக்கரைப்பற்றுத் தம்பி 'வரம்பு' என்று எழுதியிருந்தார். வட்டைக்குள் (வயலுக்குள்) நடக்க வரம்பு, தளபாடத்துக்குள் நடக்கவும் வரம்பு. வாசித்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் 'வரம்பு 3 அடி' என்று பிளானில் எழுதினால் மூன்றடிக்கு மேல் போகக்கூடாது என்று மேசன் விளங்கிக்கொள்வார். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

1920களில் ஜெர்மனியில் அலெக்சாண்டர் கிளைன் என்ற கட்டடக் கலைஞர் வீட்டு வரைபடத்தின்மேல் ஆட்கள் நடக்கும் தடத்தைக் கோடாகக் கீறிப் பார்த்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தால் நல்ல வீடு என்பது அவர் கணக்கு. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு எங்கள் ஊர் ஒழுங்கைகள்தான் நினைவுக்கு வரும். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஆள் போகும் வழி. செற்றியின் முதுகு ஒரு வேலி, அலுமாரி மற்ற வேலி.

என் முன்மொழிவு: நடக்கும் வழிக்கு ஒழுங்கை, இழுக்கும் இடத்துக்கு இழுவெளி. ('இழுவிடம்' என்றும் யோசித்தேன். அதற்குள் விடம் இருக்கிறது, வேண்டாம்.) ஒழுங்கை தமிழகத்தில் விளங்காது என்பீர்கள். நாங்கள் தளபாடம் என்பதை நீங்கள் அறைகலன் என்கிறீர்கள். இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் செற்றியை யன்னலுக்குக் குறுக்கே போடாதீர்கள் என்று இந்த இழையில் யாராவது சேர்த்தால் புண்ணியம்.

———

சம்மாந்துறையிலிருந்து:

அண்ணன், ஒழுங்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அகலத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடுகளில் முன் ஹோலில் ஆண் விருந்தாளிகள் இருந்தால், பெண்கள் அவர்களுக்கு முன்னால் நடக்காமல் குசினிக்குப் போகவேண்டும். ஆறடி அகலம் இருந்தாலும் அந்த வழி செற்றிக்கு முன்னால் போனால் பிரயோசனம் இல்லை. செற்றியைத் திருப்பி, அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டடி விட்டாலே போதும். ஆகவே விருந்தாளி ஒழுங்கை, வீட்டு ஒழுங்கை என்று இரண்டாகச் சொல்லவேண்டி வரும்.

இழுவெளி புத்தகத் தமிழ் மாதிரி இருக்கிறது. ஓடாவியிடம் சொல்லிப் பார்த்தீர்களா? விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கினார் என்று உங்களில் யாராவது எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள், அவர் பிறந்த காரைதீவு எங்கள் மாவட்டம் என்பதை இப்போதே பதிந்துவைக்கிறேன்.

———

மறுமொழி:

தங்கச்சி சொன்னதை ஏற்கிறேன். யாருடைய வழி என்பது சொல்லோடு வரவேண்டும்.

ஓடாவியிடமும் கேட்டுவிட்டேன். நேற்று அவரை வீட்டுக்கு அழைத்து, ஹோல் தரையில் வெண்கட்டியால் கோடு போட்டேன். "இது இழுவெளி" என்றேன். ஒரு கதிரையை இழுத்துப் பார்த்து, "கதிரைக்குத்தானே?" என்றார். புத்தகத் தமிழோ என்னவோ, வேலை செய்கிறது. பிறகு மற்றக் கோடுகளைக் காட்டி, "இது ஒழுங்கை" என்றேன். "ஆர்ர ஒழுங்கை?" என்று கேட்டார். நீங்கள் கேட்டதையே அவரும் கேட்டார்.

அலுமாரிக் கதவு திறக்கும் இடத்தையும் இழுவெளி என்பதா, தனியாகத் 'திறவெளி' என்பதா என்று அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

போகும்போது, மேசையில் ஓரடி வெட்டினால் எல்லாம் சரிவரும் என்றார். மாமியிடம் இன்னும் கேட்கவில்லை.