எஸ்டிஎன் கண்ட்ரோலர்: பக் கணக்கை வச்சு நம்பகத்தன்மை சொல்ல முடியுமா?

சுவிட்ச்மணி:
ஓனோஸ் (நெட்வொர்க் சுவிட்சுகளை ஒரே இடத்துல இருந்து மென்பொருளால இயக்கற எஸ்டிஎன் கண்ட்ரோலர்), 3 நோட் கிளஸ்டர், அதாவது மூணு சர்வர் சேர்ந்து ஓடுது. ஜிராவில் (பக் டிக்கெட் பதிவு பண்ற இடம்) இருக்கற பக்கை மாசவாரியா எண்ணி கோயல்–ஒகுமோட்டோ மாடல்ல (இதுவரை கிடைச்ச பிழைகளோட வளைவை வச்சு மொத்தப் பிழையை மதிப்பிடறது) பொருத்தினா, மொத்தப் பிழை எண்ணிக்கை நம்பவே முடியாத உயரத்துக்குப் போகுது. எங்கே தப்பு? இன்னொண்ணு: ஒரு நோட் 99% நேரம் ஓடும்னா, மூணும் சேர்ந்து 99.9999% னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

கர்னல்குமரன்:
வளைவு படிய ஆரம்பிக்காத டேட்டாவை அந்த மாடலுக்குக் கொடுத்தா அப்படித்தான் ஆகும். முதல்ல லாப்லாஸ் டெஸ்ட் (பிழை வரத்து கூடுதா குறையுதான்னு பார்க்கற கணக்கு) போடுங்க. மதிப்பு −1.96க்குக் கீழே வந்தாத்தான் பிழை வரத்து குறையுதுன்னு அர்த்தம். நேர்மறையா வந்தா மாடலை மூடி வச்சிருங்க. டூப்ளிகேட், டாக்குமென்ட் திருத்தம், புது வசதி கேட்ட டிக்கெட் எல்லாத்தையும் கழிங்க. ரிலீஸ் வாரியா பிரிங்க, புது கோடு சேர்ந்தா கணக்கு மறுபடி முதல்ல இருந்து. முக்கியமா, டிக்கெட் போட்ட தேதி கண்ட்ரோலர் விழுந்த நேரம் இல்லை.

ராஃப்ட்ராணி:
99.9999% எழுதாதீங்க. ராஃப்ட்டுக்கு (நோட் எல்லாத்தையும் ஒரே முடிவுக்குக் கொண்டு வர்ற முறை) பெரும்பான்மை வேணும், மூணுல ரெண்டு உயிரோட இருக்கணும். தனித்தனியா விழும்னு வச்சாலே 99.97% தான். வருஷத்துக்கு 32 விநாடி நிறுத்தம் எங்கே, 2.6 மணி நேரம் எங்கே! (ஓனோஸ் 1.14ல இருந்து ராஃப்ட்டை நடத்தற ஆட்டமிக்ஸ் தனி நோட்ல ஓடுது, பெரும்பான்மையை அங்கே எண்ணுங்க.) அதுவும் கூடுதல் மதிப்பீடுதான். மூணு நோட்லயும் ஒரே கோடு. ஒரு கோணலான பாக்கெட் முதல் நோட்டைச் சாய்ச்சா, சுவிட்ச் அடுத்த நோட்டுக்குத் தாவி அதே பாக்கெட்டை அங்கேயும் கொடுக்கும்.

கர்னல்குமரன்:
ஓட்டிப் பார்க்கறதுதான் வழி. 1000 மணி நேர எம்டிபிஎஃப்னு (ரெண்டு பழுதுக்கு நடுவுல சராசரி நேரம்) 95% உறுதியோட சொல்லணும்னா, ஒரு தடவைகூட விழாம சுமார் 3000 மணி நேரம் ஓடணும். மூணு தனி டெஸ்ட்பெட் வச்சா தலா 1000. சும்மா ஓட விடாதீங்க, மினிநெட்ல (கம்ப்யூட்டருக்குள்ள போலி நெட்வொர்க் உருவாக்கற கருவி) லிங்கை விடாம அறுத்து ஒட்டிக்கிட்டே இருங்க. ஜேஸ்டாட்ல (ஜாவா மெமரியைக் காட்டற கருவி) ஓல்டு ஜென் (ரொம்ப நேரம் தங்கற டேட்டா இருக்கற மெமரி) பத்தியைப் பாருங்க: ஒவ்வொரு ஃபுல் ஜிசிக்கு (தேவையில்லாத மெமரியை முழுசா சுத்தம் பண்றது) அப்புறமும் அடிமட்டம் ஏறினா மெமரி லீக். ஜிசி நிறுத்தம் ராஃப்ட் எலெக்ஷன் டைம்அவுட்டை (தலைமை நோட் சத்தமில்லாம இருந்தா மத்தது காத்திருக்கற நேரம்) தாண்டினா, நோட் சாகாமலே தலைமை மாறும். அதையும் ஃபெயிலியர்னே எண்ணுங்க.

ராஃப்ட்ராணி:
ஓப்பன்விஸ்விட்ச்ல (மென்பொருள் சுவிட்ச்) ஃபெயில் மோடு, அதாவது கண்ட்ரோலர் போனா என்ன செய்யணும்ங்கற செட்டிங், செக்யூர்ல இருக்கான்னும் பாருங்க. ஸ்டாண்ட்அலோன்ல இருந்தா கண்ட்ரோலர் போன கொஞ்ச நேரத்துல அது சாதா சுவிட்ச் மாதிரி பாக்கெட்டை அனுப்ப ஆரம்பிச்சிரும். பிங் மட்டும் வச்சு அளந்தா எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும்.