500 மான் (50 லட்சம் யென்) கையில் இருக்கிறது, கடையும் பார்த்தாச்சு, விசா கிடைக்காது என்கிறார்கள் – அவசரம்

தோசைக்கல்_23:
வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். டோக்கியோவில் நிஷிகசாய் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு இனுகி கடை, பழைய ராமென் கடை, அடுப்பு எக்ஸாஸ்ட் எல்லாம் அப்படியே விட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்கிறார் ஃபுதோசான்காரர் (கடை புரோக்கர்). 500 மான் சேர்த்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் கம்பெனி தொடங்கி மேனேஜர் விசா வாங்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நண்பன் ஒருவன் 2022-இல் அப்படித்தான் வாங்கினான். இன்று விசா விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கிற கியோசெய்ஷோஷியிடம் போனால் மனுஷன் உட்காரக்கூடச் சொல்லவில்லை, 3000 மான் இல்லாமல் வராதே என்கிறார். உண்மையா, இல்லை ஃபீஸ் ஏற்றுவதற்காகச் சொல்கிறாரா? அப்பாவிடம் கேட்டால் கொஞ்சம் புரட்டலாம். மதுரையிலிருந்து சித்தப்பா பையன் மாஸ்டராக வரத் தயார். சீக்கிரம் சொல்லுங்கள்.

கன்சாய்_தம்பி:
உண்மைதான் அண்ணா. 2025 அக்டோபர் 16 முதல் விதி மாறிவிட்டது. முன்பு 500 மான் முதலீடு, அல்லது இரண்டு முழுநேர ஊழியர்கள். இப்போது 3000 மான், ஊரில் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் வரும். அதோடு முழுநேர ஊழியர் ஒருவர் கட்டாயம், உங்களுக்கோ அந்த ஊழியருக்கோ என்2 அளவில் ஜப்பானிய மொழி தெரிய வேண்டும், உங்களுக்கு 3 வருட நிர்வாக அனுபவம் அல்லது அது சார்ந்த முதுகலைப் பட்டம் வேண்டும், தொழில் திட்டத்தை ஜெய்ரிஷி (வரிக் கணக்காளர்) மாதிரி ஒரு நிபுணர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
இப்போது என்ன விசாவில் இருக்கிறீர்கள்? என்2 உண்டா? கம்பெனி பதிவு செய்தாச்சா?

டோக்கியோ_பழசு:
இதே கேள்விக்கு நானே ஏழெட்டு முறை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. இந்த ஊரில் 28 வருடமாக இருக்கிறேன், ஐடி வேலை அலுத்துப் போனதும் ஹோட்டல் ஆசை வருகிற தம்பிகள் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. விதி என்னவென்று தெரியாமல் கடை பார்க்கப் போனவருக்கு என்ன சொல்வது? வேலையை விடாதீர்கள், அவ்வளவுதான்.

தோசைக்கல்_23:
ஐடி வேலைதான், கம்பெனி வேலைக்கான சாதாரண கிஜின்கொகு விசா. என்3தான் இருக்கிறது, என்2-க்கு ஒரு படி கீழே. கம்பெனி இன்னும் பதியவில்லை. சித்தப்பா பையனையே அந்த முழுநேர ஊழியராகக் காட்டலாமா?

சைதாமா_அக்கா:
முடியாது தம்பி. அந்த ஒரு ஊழியர் ஜப்பானியராகவோ, எய்ஜூ (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவராகவோ, அவர்களுடைய கணவன் மனைவியாகவோ, நீண்டகாலக் குடியிருப்பு விசாக்காரராகவோ இருக்க வேண்டும். சமையல் விசாவில் வருகிறவர் கணக்கில் சேர மாட்டார். அந்த விசாவுக்கே 10 வருட அனுபவத்துக்குச் சான்று கேட்பார்கள். பையனுக்கு வயது என்ன?

குறுக்குவழி_செல்வம்:
எதற்கு இவ்வளவு தலைவலி? தெரிந்த ஜப்பானிய நண்பர் யாராவது இருந்தால் அவர் பெயரில் கோதோ கைஷா (எல்எல்சி மாதிரிக் கம்பெனி) ஒன்றைப் போடுங்கள், பணம் உங்களுடையது, ஓட்டுவதும் நீங்கள். நம்ம ஊரில் இதெல்லாம் சகஜம்.

கன்சாய்_தம்பி:
செல்வம் அண்ணா, நம்ம ஊரில் அதற்குப் பெயர் பினாமி. பங்கு வைத்திருப்பது தப்பில்லை, கிஜின்கொகு விசாவில் கல்லாவில் உட்கார்ந்து கடையை ஓட்டுவதுதான் தப்பு. நியூகானுக்கு (குடிவரவு அலுவலகத்துக்கு) தெரிந்தால் இருக்கிற விசாவும் போகும். நண்பர் ஒருநாள் கடை என்னுடையது என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

கணக்குப்பிள்ளை:
அப்பா பணம் என்றதால் சொல்கிறேன். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அதை வரிக்கணக்கில் பிறகு கழித்துக்கொள்ளலாம். இங்கே நியூகான் ஒவ்வொரு யென்னுக்கும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும். நாலு பேரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு இங்கே மிசெகின் என்று பெயரே இருக்கிறது, மாட்டினால் தொலைந்தோம். அன்பளிப்பு என்றால் வருடத்துக்கு 110 மானுக்கு மேல் இங்கே அன்பளிப்பு வரி வரலாம், பணம் எங்கே எப்படிக் கைமாறியது என்பதைப் பொறுத்தது, அனுப்புவதற்கு முன்பே ஜெய்ரிஷியிடம் கேளுங்கள்.
இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. முதலீடு 1000 மானைத் தொட்டாலே புதுக் கம்பெனிக்கு முதல் நாளிலிருந்து நுகர்வு வரி உண்டு, சின்ன கம்பெனிகளுக்குக் கிடைக்கிற இரண்டு வருட விலக்கு போச்சு. பதிவுக் கட்டணம் முதலீட்டில் 0.7 சதவீதம், 3000 மானுக்கு 21 மான். நஷ்டத்தில் ஓடினாலும் கட்ட வேண்டிய உள்ளூர் வரி வருடத்துக்கு 7 மானிலிருந்து 18 மானாக ஏறும். ஆக, பணம் இருந்தாலும் ஒரு தோசைக் கடைக்கு இது கட்டுப்படியாகுமா?

தோசைக்கல்_23:
ஐயோ. அந்த 3000 மானும் வங்கியில் அப்படியே கிடக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். கட்டிய பிறகு கடைக்காகச் செலவழிக்கலாம். ஹோஷோகின் (கடை அட்வான்ஸ்), பாத்திரம், சம்பளம், எல்லாம் அதிலிருந்துதான்.

ஃபுகுஓகா_ராஜா:
ஸ்டார்ட்அப் விசா எடுங்கள், இரண்டு வருடம் வரை நேரம் கிடைக்கும்.

டோக்கியோ_பழசு:
இரண்டு வருடம் கழித்து அதே 3000 மான் கதவுக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அதுவும் புதுத் தொழில்நுட்பம் என்று போகிறவர்களுக்கு. சாம்பார் புதுத் தொழில்நுட்பமா? விதி கடுமையானதே நல்லது என்பேன். ஒரே முகவரியில் பத்து காகிதக் கம்பெனி போட்டு விசா வாங்கியவர்களால் வந்த வினை. தெருவுக்குத் தெரு நான் ரொட்டி-கறி கடை வேறு.

கன்சாய்_தம்பி:
அந்த நான்-கறி கடைக்காரர்கள் பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வந்து ராப்பகலாக உழைக்கிறவர்கள். காகிதக் கம்பெனிக்காரனோடு அவர்களை ஏன் சேர்க்கிறீர்கள்? காகிதக் கம்பெனிக்காரன் எப்படியாவது 3000 மான் காட்டிவிடுவான், மாட்டுவது பத்து டேபிள் போட்டுப் பிழைக்கிறவன்தான். ஏற்கெனவே இந்த விசாவில் இருப்பவர்களுக்கு 2028 அக்டோபர் 16 வரை கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறார்கள், அதற்குப் பிறகு எத்தனை கடை இருக்குமோ.

குறுக்குவழி_செல்வம்:
இவரும் நான் ரொட்டிதான் போடணும். ஓகவாரி (மறுபடி வாங்கிக்கொள்வது) இலவசம் என்று பலகை வைத்தால் மதியக் கூட்டம் நிச்சயம். இட்லியை எந்த ஜப்பான்காரன் சாப்பிடுவான்?

ஃபுகுஓகா_ராஜா:
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? இங்கே ஜப்பானியர்களே மீல்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டு, ரசத்தைத் தனியாகக் குடித்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். மாவு புளிக்கிறதா என்பதுதான் கேள்வி, ஜனவரியில்.

குறுக்குவழி_செல்வம்:
மாவு புளிக்காவிட்டால் ஈனோ போடுங்க.

ஃபுகுஓகா_ராஜா:
ஈனோவா! உங்களோடு பேசுவதே வீண்.

சைதாமா_அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, ஒன்று கேட்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டதா? மனைவி இங்கே இருக்கிறாரா, அவருக்கு என்ன விசா?

தோசைக்கல்_23:
ஆகிவிட்டது அக்கா. அவளும் இங்கேதான் வேலை செய்கிறாள், போன மார்ச்சில் எய்ஜூ கிடைத்தது. ஆனால் கடை என் பெயரில்தானே, அதனால் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
😐

சைதாமா_அக்கா:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! எய்ஜூ உள்ளவரின் கணவர் என்ற விசாவுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதில் தொழிலுக்குத் தடை கிடையாது, 3000 மானும் வேண்டாம், என்2வும் வேண்டாம். கம்பெனிகூடக் கட்டாயமில்லை, வரி அலுவலகத்தில் காய்க்யோ தொடொகே (தொழில் தொடங்கும் அறிவிப்பு) என்ற ஒரு தாளைக் கொடுத்துத் தனிநபராகவே ஆரம்பிக்கலாம். திருமணச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், மனைவியின் வரிச் சான்றுகள், அவர் கையெழுத்திட்ட உத்தரவாதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். புது கார்டு கைக்கு வரும்வரை கடையை ஓட்டாதீர்கள். அரசின் கோக்கோ வங்கியில் தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் பாருங்கள், வெளிநாட்டவருக்கும் தருகிறார்கள். நேர்காணல் ஜப்பானிய மொழியில், அதற்கு மனைவியின் உதவியோடு தயாராகுங்கள். கடை திறக்க ஹொகென்ஜோ (சுகாதார அலுவலகம்) அனுமதி தனி.
அப்புறம் இந்த விசா மனைவியின் மேல்தான் நிற்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

டோக்கியோ_பழசு:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முழு விவரமும் தராமல் கேட்டால் இப்படித்தான்.

கன்சாய்_தம்பி:
நீங்கள் சொன்னது வேலையை விடாதே என்று, சார்.

(மூன்று வாரம் கழித்து)

தோசைக்கல்_23:
விசா மாற்ற விண்ணப்பம் போட்டாச்சு, காத்திருக்கிறேன். அந்தக் கடை போய்விட்டது, கெபாப்காரர் ஒருவர் எடுத்துவிட்டார். வேறு பார்க்கிறோம். அக்காவுக்கு நன்றி. ஊரிலிருந்து ஒரு டில்டிங் கிரைண்டர் கொண்டுவந்தால் இங்கே ஓடுமா?

ஃபுகுஓகா_ராஜா:
டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், அது ஊர் மாதிரியேதான், வோல்ட்தான் இடிக்கும், இங்கே சுவரில் 100. மோட்டார் எத்தனை எச்பி? சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா? கடையில் 200 வோல்ட் லைன் உண்டா?

ஃபுகுஓகா_ராஜா:
தம்பி, இருக்கிறீர்களா?