லீஷ் மாட்டினால் படுத்துக்கொள்ளும் குட்டி: உங்கள் வீட்டில் எப்படிப் பழக்கினீர்கள்?

பிரவுனி வீடு:

எங்கள் வீட்டுக்கு 9 வார நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. பெயர் பிரவுனி. வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். செருப்பு, திரைச்சீலை, என் கால் விரல், எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் கழுத்துப் பெல்ட்டில் லீஷை, அதாவது பிடித்து நடத்தும் கயிற்றை, மாட்டினால் போதும், வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்துவிடுகிறாள். கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது. "நாலு அடி இழுத்துக்கொண்டு போம்மா, அப்புறம் தானா நடக்கும்" என்கிறார் மாமனார். அவர் வளர்த்த நாய்களெல்லாம் அப்படித்தான் பழகினவாம். எனக்கு இழுக்க மனசு வரவில்லை. குட்டியைப் பழக்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வாலாட்டி:

இழுக்காமல் விட்டீர்களே, நல்லது. மாமனார் சொல்கிற முறையிலும் நாய் நடக்கும், பொய்யில்லை. ஆனால் கழுத்தில் இழுவை விழுந்தால் எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்ப்பது நாயின் இயல்பு. நீங்கள் இழுக்க இழுக்கக் குட்டி பின்வாங்கும். வளர்ந்த பிறகு அதே நாய் உங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: லீஷ் என்றால் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும் என்று அது பழகிவிடுகிறது.

பள்ளிப் பாடத்தில் நாய்க்கு எச்சில் ஊறியதை வைத்து ஆராய்ச்சி செய்தார் என்று படித்தோமே, இவான் பாவ்லோவ், அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய் இருந்தது. மேடையில் நிறுத்தி வார் மாட்டினாலே திமிறும், எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். காரணம் நீண்ட நாள் பிடிபடவில்லை. கட்டுண்டு நிற்பதைத்தான் அது எதிர்க்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். அந்த எதிர்ப்பைச் சுதந்திரத்துக்கான அனிச்சைச் செயல் என்றார் பாவ்லோவ். அடிக்கவில்லை, இறுக்கவில்லை. அந்த நாயின் சாப்பாடு முழுவதையும் மேடையிலேயே கொடுத்தார்கள். முதலில் சரியாகச் சாப்பிடாமல் இளைத்தது. போகப்போக முழுச் சாப்பாட்டையும் தின்றது, சாதுவாக நின்றது. நம் குட்டியை இளைக்கவிட வேண்டியதில்லை, ஆனால் சூத்திரம் அதேதான்.

என் குட்டிக்கு முதலில் பெல்ட் மட்டும்தான். அதையும் தட்டில் சாப்பாடு வைக்கும்போது மாட்டுவேன், சாப்பிட்டு முடித்ததும் கழற்றுவேன். சொறிந்துகொண்டே இருக்கும், கவலைப்படாதீர்கள், புது உறுத்தல். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிற வேகத்துக்கு வாரா வாரம் விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லீஷ். நாய்க்கென்று விற்கிற தடிமனான லீஷ் வேண்டாம். அதன் கொக்கியே குட்டியின் தாடையில் இடிக்கும். பூனைக்கு விற்கிற மெல்லிய நைலான் லீஷை வாங்கினேன். அதைத் தரையில் போட்டு, பக்கத்தில் தீனியைச் சிதறிவிட்டேன். கொக்கி 'கிளிக்' என்றால் ஒரு துண்டு. மாட்டுவது, கொடுப்பது, கழற்றுவது, அவ்வளவே. அது சலித்துப்போனதும் லீஷை இழுத்துக்கொண்டே வீட்டுக்குள் திரிய விட்டேன். இதை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மேசைக் காலில் சுற்றிக்கொண்டு பயந்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. கைப்பிடி வளையத்தை வெட்டிவிட்டால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

கையில் பிடிக்கும் நாள் வந்ததும் நான் அவளை நடத்தவில்லை, அவள் போகிற பக்கம் நான் போனேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் லீஷின் மறுமுனையில் ஒரு மனுஷன் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று குட்டிக்குப் புரிய வேண்டுமே. பிறகு நான் ஓரடி பின்னால் போய், குனிந்து கூப்பிடுவேன். வந்தால் என் காலோரமாகத் தீனி. எப்போதும் அதே காலோரம்தான். அந்த இடம்தான் லாபமான இடம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள்.

தெருமுனை:

வாலாட்டி அண்ணா வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டார். எங்களுக்கு வாசலில்தான் சிக்கல். கூடத்தில் அழகாக நடப்பான், வாசற்படி தாண்டினால் சிலை. குட்டிகளுக்கு வீட்டைவிட்டு விலகிப் போவது பிடிக்காது, வீட்டை நோக்கி வருவது பிடிக்கும். அதனால் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் இறக்கிவிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். தினமும் இறக்கிவிடும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போனேன். எங்களுக்கு இதைவிடப் பலன் தந்த வேறு வழி இல்லை.

பிரவுனிக்கு 9 வாரம்தான் என்பதால் ஒரு விஷயம். தடுப்பூசி வரிசை முடிய 16 வார வயது வரை ஆகும். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மற்ற நாய்கள் திரியும் இடத்தில் இப்போது இறக்கிவிடாதீர்கள். அதற்காக வீட்டிலேயே பூட்டியும் வைக்காதீர்கள். குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், குடை, சைக்கிள், குழந்தைகள் எல்லாம் காட்டுங்கள். எங்கே இறக்கலாம், எப்போது இறக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் நேரமாக இருந்தால் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். படுத்து அடம்பிடிக்கிறது என்று நாம் நினைப்பதில் பாதி இதுதான்.

சின்னக்காது:

கழுத்துப் பெல்ட்டா, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸா என்பதில் எனக்கு வேறு கருத்து. எங்களுடையது பொமரேனியன். இந்த மாதிரிச் சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்கும் நோய் வர வாய்ப்பு அதிகம். கழுத்தில் இழுவை விழுந்தால் வாத்து கத்துவதுபோல் ஒரு இருமல் வரும். அதனால் முதல் நாளிலிருந்தே ஹார்னஸ்தான். பெல்ட் பெயர்த்தகடு தொங்கவிட மட்டும். ஹார்னஸ் போட்டால் நாய் இழுக்கப் பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இழுத்தாலும் வலிக்காது என்பது உண்மைதான். ஆனால் இழுக்கும்போதெல்லாம் நீங்கள் நின்றுவிட்டால், எதில் கட்டியிருந்தாலும் அதற்கு இழுப்பதில் லாபமில்லை.

தலைவழியாக மாட்டும்போது பயந்தால், ஹார்னஸின் வளையத்துக்குள் கையை விட்டுத் தீனியைக் காட்டுங்கள். தலையை அதுவே நுழைக்கட்டும். தானாகச் சுருளும் லீஷை இப்போதைக்கு வாங்காதீர்கள். அது எந்நேரமும் லேசான இழுவையோடே இருக்கும், நாம் சொல்லிக்கொடுப்பதற்கு நேர் எதிர். சாதாரண ஆறடி லீஷ் போதும்.

பழைய சங்கிலி:

எங்களுடையது குட்டியல்ல, தத்தெடுத்த பெரிய நாய். முன்பிருந்த இடத்தில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்திருக்கிறார்கள். லீஷைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும். சாவிக்கொத்து குலுங்கினால்கூட அப்படித்தான். இரும்புச் சத்தமே இல்லாத துணி லீஷாக மாற்றினோம். அதைச் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் சும்மா வைத்துவிட்டு, தொடாமல் விட்டோம். அதுவாகவே வந்து முகர்ந்து பார்க்கும்வரை யாரும் மாட்டவில்லை. மாதங்கள் ஆயின. இன்றும் யாராவது லீஷைச் சட்டென்று எடுத்தால் காது பின்னால் போகிறது. பிரவுனி வீட்டாரே, உங்கள் மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பயம் உள்ளே போக ஒரு நாள் போதும், வெளியே வர எத்தனை நாள் பிடிக்கிறது பாருங்கள்.

பிரவுனி வீடு:

எல்லோருக்கும் நன்றி. பெல்ட்டைச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டத் தொடங்கிவிட்டேன், சொறிவது குறைந்திருக்கிறது. மாமனார் "நாய்க்கு இவ்வளவா" என்கிறார், ஆனால் 'கிளிக்' சொன்னதும் தீனி போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இப்போது புதுப் பிரச்சினை: லீஷ் தரையில் கிடந்தால் பயமில்லை, நேராக வாயில் வைத்துக் கடிக்கிறாள். கடிக்க முடியாத சங்கிலி லீஷ் வாங்கலாமா?

வாலாட்டி:

பயம் போனதற்கு அடையாளம், சந்தோஷப்படுங்கள். அவள் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் கயிறு இழுக்கும் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வாள். உங்கள் முனையைத் தளரவிட்டு அசையாமல் நில்லுங்கள், மூக்குக்கு நேராகக் கடிக்கும் பொம்மையைக் காட்டுங்கள், லீஷை விட்டதும் அதைக் கொடுங்கள். நடக்கும்போது கடித்தால், பெரும்பாலும் களைத்திருப்பாள் அல்லது மிரண்டிருப்பாள். அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்து முடிய ஆறேழு மாத வயது ஆகிவிடும், அதுவரை ஒரு லீஷ் பாழாகும் என்று முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியைக் கடிக்கமாட்டாள்தான். ஆனால் எடை அதிகம், கடித்தாலும் பல்லுக்குக் கெடுதல். 9 வாரக் குட்டிக்கு வேண்டாம்.